சித்திக்கு மலையாளம் புரியல, பொண்ணை வெச்சு சமாளிக்கலாமா? – என் பதில்

நீங்க கேட்டதை முதல்ல ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கறேன், தப்பா புரிஞ்சுக்கிட்டு பதில் சொல்லக் கூடாது. உங்க சித்தி குடும்பம் திண்டுக்கல் பக்கத்துல இருந்து கேரளாவுல பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை கிட்ட ஒரு தென்னந்தோப்புக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. சித்திக்கு ரத்தப்போக்கு நிக்கவே மாட்டேங்குது, ஸ்கேன் எடுத்துட்டு கர்ப்பப்பையில கட்டி, ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க. டாக்டர் மலையாளத்துல சொல்றதை பத்தாவது படிக்கிற பொண்ணுதான் ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு கூடப் போய் அம்மாவுக்குச் சொல்றா. இதுக்கு நடுவுல தோப்புல மோட்டார் காணாமப் போச்சுன்னு சித்தப்பாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிச்சு, மலையாளத்துல எழுதின ஒரு பேப்பர்ல கையெழுத்தும் வாங்கியிருக்காங்க, அதுல என்ன இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது. கவர்மெண்ட் மொழிபெயர்ப்பாளர் தருமா, காசு ஆகுமா, இல்ல போன்ல ஆப் வெச்சு ஓட்டிடலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா நீங்க எழுதியிருக்கற விதத்தைப் பார்த்தா உங்க மனசை அரிக்கறது வேற ஒண்ணுன்னு தோணுது: அந்தப் பொண்ணை இதுல இழுக்கறது சரியா, அவ சொல்றதை மட்டும் நம்பி சித்தி ஆபரேஷனுக்கு கையெழுத்துப் போடலாமா? அதுக்கு நேரா பதில் சொல்லிடறேன், வேண்டாங்க. வேற ஆள் வைக்க வழி இருக்கு, பெருசா செலவும் ஆகாது.

நானும் அதே பாலக்காடு ஜில்லாவுல சித்தூர் தாலுக்காக்காரன்தான். தமிழ் மீடியத்துல படிச்சுட்டு மலையாளத்தை அப்புறமா பிழைப்புக்காகக் கத்துக்கிட்டவன். சட்ட உதவிக் கமிட்டியில பாரா லீகல் வாலண்டியரா, அதாவது சட்ட உதவித் தொண்டரா, பல வருஷமா ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், வில்லேஜ் ஆபீஸ், கோர்ட் வராந்தான்னு தமிழ்க் குடும்பங்களுக்கு ரெண்டு பக்கமும் பேசிக் குடுத்திருக்கேன். நான் வக்கீலும் இல்ல, டாக்டரும் இல்ல. அதனால ஆபரேஷன் தேவையா இல்லையா, கேஸ் நிக்குமா நிக்காதாங்கறதுல என் வார்த்தையை எடுத்துக்காதீங்க. பேச்சு எங்க தட்டிப் போகுது, அதை எப்படிச் சரி பண்றதுங்கறது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்ச சங்கதி.

இந்தப் பக்கம் பெரிய ஆபத்தே தமிழும் மலையாளமும் கிட்டத்தட்ட ஒண்ணுதானேங்கற நினைப்புதான். பாலக்காடு பக்கத்துல ஃபேக்டரிங்க இருக்கற கஞ்சிக்கோட்டுக்கு வங்காளம், ஒடிசா, பீகார்ல இருந்து வேலைக்கு வர்றவங்களுக்கு மலையாளம் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால அவங்களுக்குன்னு ஏதோ ஒரு ஏற்பாடு நடக்குது. அவங்களுக்கு மலையாளம் சொல்லிக் குடுக்க சாட்சரதா மிஷன் (கேரளாவோட எழுத்தறிவு இயக்கம்) சங்ஙாதின்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, கஞ்சிக்கோட்டுல அப்னா கர்னு ஹாஸ்டல் 2019-ல திறந்தாங்க, பல இடத்துல போர்டு கூட ஹிந்தியில இருக்கு. தமிழ் ஆளுங்க விஷயத்துல 'உங்களுக்குத்தான் புரியுமே'ன்னு விட்டுடறாங்க. நம்ம ஆளுங்களும் தலையாட்டிட்டு வந்துடறாங்க, ஏன்னா பாதி நிஜமாவே புரியுது. அந்தப் பாதிதான் வில்லங்கம். ஒண்ணுமே புரியலன்னா ஆள் தேடுவாங்க, பாதி புரிஞ்சா மீதியைத் தானா நிரப்பிக்கறாங்க. கைக்குழந்தையோட தடுப்பூசிக்குப் போன இடத்துல நர்ஸ் 'குஞ்ஞின்றெ தூக்கம் குறவாணு'ன்னு சொல்வாங்க. அவங்க சொல்றது குழந்தையோட எடை குறைவுன்னு. நம்ம அம்மா அதை 'சரியா தூங்கறதில்ல'ன்னு எடுத்துக்கிட்டு, ஆமாங்க ராத்திரி பூரா முழிச்சுட்டேதான் இருக்குன்னு பதிலும் சொல்லிடுவாங்க. நர்ஸுக்கும் சந்தேகம் வராது, அம்மாவுக்கும் வராது, எடை குறைஞ்சுட்டே இருக்கும். அட்டப்பாடிப் பக்கம் இருளர் குடும்பங்களுக்கு இது இன்னும் மோசம், அவங்க பேச்சைக் கேட்டு தமிழ்னு ஒருத்தர் நினைப்பார், மலையாளம்னு ஒருத்தர் நினைப்பார், அவங்க மொழி ரெண்டும் இல்ல.

சரி, சட்டத்துல என்ன இருக்குன்னு பார்க்கலாம். உறுதியா சொல்லக்கூடியது இது. அரசியல் சாசனம் 350-வது பிரிவுப்படி, குறை தீர்க்கச் சொல்லி மத்திய, மாநில அரசோட எந்த அதிகாரிக்கும் அந்த மாநிலத்துல புழங்கற எந்த மொழியிலயும் மனு குடுக்கலாம். கேரளாவோட 1969 ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேல போய், தமிழ், கன்னட சிறுபான்மை மக்கள் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச இடங்கள்ல இருக்கற உள்ளூர் ஆபீஸுக்கும் அவங்க மொழியிலயே எழுதலாம், பதிலும் அதே மொழியில வரணும்னு சொல்லுது. சித்தூர், தேவிகுளம், பீருமேடு மாதிரி தாலுக்காக்கள்ல இது நமக்குக் கையில இருக்கற நல்ல ஆயுதம். தமிழும் மலையாளமும் தெரிஞ்ச கிளார்க் வேணும்னு அரசு வேலைக்கு ஆள் எடுக்கற பி.எஸ்.சி தனியா ஆள் எடுக்கறதும் இதுக்காகத்தான். அதனால ரேஷன் கார்டு, பென்ஷன், பஞ்சாயத்து வரி மாதிரி காரியத்துக்கு தைரியமா தமிழ்ல எழுதிக் குடுங்க, ரெண்டு காப்பி எடுத்துக்கிட்டுப் போய் ஒண்ணுல சீல் வாங்கிக்குங்க. பாரம் மலையாளத்துல இருந்தா அக்ஷயா சென்டர்ல (தமிழ்நாட்டு இ-சேவை மையம் மாதிரி) பூர்த்தி பண்ணித் தருவாங்க, ஆனா சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன எழுதியிருக்குன்னு வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்க. வீட்டுப் பேர், அப்பா பேர், இனிஷியல் இதுலதான் வழக்கமா மாறிப் போகும், அப்புறம் ஆதாரோட ஒத்துப் போகாம அலைய வேண்டி வரும்.

இந்த உரிமையெல்லாம் எழுத்துக்குத்தாங்க. ஓ.பி-யில டாக்டர் தமிழ்ல பேசியே ஆகணும்னு இந்தச் சட்டம் சொல்லல. அரசு ஆஸ்பத்திரியில மொழிபெயர்ப்பாளர்னு ஒரு போஸ்ட்டை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. ஆஸ்திரேலியாவுல 1973-லயே போன்ல மொழிபெயர்க்கற சேவையை அரசாங்கம் ஆரம்பிச்சுது, தமிழ் பேசறவங்க உட்பட யார் வேணாலும் கூப்பிட்டுக் கேக்கலாம். நம்ம ஊர்ல எல்லைத் தாலுக்காக்கள்ல மட்டுமாவது அப்படி ஒண்ணு வைக்கணும்ங்கறது என் ரொம்ப நாள் ஆதங்கம். இங்க எல்லாமே நல்ல நர்ஸ், நல்ல அட்டெண்டர், பக்கத்து பெட்காரங்க தயவுலதான் ஓடுது. அதுக்காக உரிமையே இல்லன்னு ஆகிடாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல தயாரிச்ச நோயாளிகள் உரிமை சாசனத்துல, நோய் என்ன, வைத்தியம் என்ன, பின்விளைவு என்னங்கறதை நோயாளிக்குத் தெரிஞ்ச மொழியில விளக்கணும்னு இருக்கு. சாசனம் தனியா ஒரு சட்டம் கிடையாது, ஆனா சூப்பரின்டென்டென்ட் முன்னாடி எடுத்துச் சொல்றதுக்கு நல்ல பிடி. மனநல வைத்தியத்துல மட்டும் இதைச் சட்டமாவே போட்டிருக்காங்க, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 22-வது பிரிவு, அந்த ஆளுக்குப் புரியற மொழியில தகவல் குடுக்கணும்னு சொல்லுது.

உங்க சித்தி விஷயத்துக்கு இதைவிட நேரடியான ஒண்ணு இருக்கு, சமீரா கோலி வழக்கு, சுப்ரீம் கோர்ட் 2008 ஜனவரி. ஒரு பொம்பளை வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கற பரிசோதனைக்கு சம்மதிச்சு கையெழுத்துப் போட்டாங்க, மயக்கத்துல இருக்கறப்போ வெளிய காத்துட்டு இருந்த அவங்க அம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டு கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில, வயசுக்கு வந்த ஒருத்தங்களோட சம்மதத்தை அவங்க அம்மா கூட குடுக்க முடியாது, ஒரு காரியத்துக்குக் குடுத்த சம்மதம் இன்னொண்ணுக்குச் செல்லாது, என்ன ஏதுன்னு போதுமான அளவுக்கு விளக்கம் சொல்லித்தான் சம்மதம் வாங்கணும்னு கோர்ட் சொல்லிடுச்சு. பெத்த அம்மா சம்மதமே செல்லாதப்போ, பத்தாவது படிக்கிற பொண்ணு 'டாக்டர் சொல்றாரு, போடும்மா'ன்னு சொல்லி வாங்கற கையெழுத்துக்கு என்ன மதிப்புன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. டாக்டருக்கும் அது பாதுகாப்பு இல்ல. அதை அவர்கிட்ட பணிவா எடுத்துச் சொன்னா பெரும்பாலும் கேப்பாங்க, சண்டையே போட வேண்டியதில்ல.

அந்தப் பொண்ணைப் பத்திச் சொல்றேன். அவ கெட்டிக்காரியா இருப்பா, சந்தேகமே இல்ல, வந்த வேகத்துல மலையாளம் பிடிச்சுக்கிட்டிருக்கான்னா நல்ல மூளை. பிரச்சனை அவ மலையாளத்துல இல்ல. தீட்டு எத்தனை நாள் வருது, கட்டி கட்டியா போகுதா, புருஷன் கூட இருக்கறப்போ வலிக்குதா, இதுக்கு முன்னாடி கர்ப்பம் கலைஞ்சிருக்கா, இதெல்லாம் டாக்டர் கேட்டே ஆகணும். இந்தக் கேள்வியை ஒரு பொண்ணு தன் அம்மாகிட்ட கேக்க மாட்டா, கேட்டாலும் அம்மா நிஜத்தைச் சொல்ல மாட்டாங்க. நான் பார்த்த வரைக்கும் பிள்ளைங்க இந்த இடத்துல ரெண்டுல ஒண்ணு பண்ணும்: ஒண்ணு, அம்மாகிட்ட கேக்காமயே தானா 'இல்ல டாக்டர்'னு சொல்லிடும், இல்லைன்னா டாக்டர் நாலு வாக்கியம் சொன்னதை 'ஒண்ணும் பயப்பட வேண்டாமாம்'னு ஒரே வார்த்தையில முடிச்சுடும். பொய் சொல்லணும்னு இல்ல, அம்மா பயந்துடக் கூடாதுங்கற பாசம். 2003-ல அமெரிக்காவுல பீடியாட்ரிக்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஸ்பானிஷ் பேசற குடும்பங்க டாக்டரைப் பார்க்கற 13 சந்திப்பை ரெக்கார்ட் பண்ணி மொழிபெயர்ப்புல வந்த தப்பை எண்ணினாங்க. சந்திப்புக்கு சராசரியா 31 தப்பு, அதுல பாதிக்கு மேல தப்பா சொன்னது இல்ல, சொல்லாம விட்டது. வேலைக்குன்னு வெச்ச மொழிபெயர்ப்பாளரும் தப்பு விடறாங்க, ஆனா அவசரத்துக்குக் கிடைச்ச ஆளுங்க விடற தப்புதான் வைத்தியத்தையே பாதிக்கற மாதிரி அதிகமா இருந்துச்சு. அப்படிக் கிடைச்ச ஆளுங்கள்ல நர்ஸும் உண்டு, 11 வயசு உடன்பிறப்பு ஒண்ணும் உண்டு. இதுக்கு மேல, நாளைக்கு ஏதாவது ஒண்ணு கோணலாப் போனா 'நான்தான் சரியா சொல்லாம விட்டுட்டேனோ'ன்னு அந்தப் பொண்ணு வாழ்நாள் பூரா மருகிட்டு இருக்கும். அப்படி இருக்கற பெரிய பொண்ணுங்களை எனக்குத் தெரியும். மாத்திரை கவுண்டர்ல சீட்டு காட்ட, எக்ஸ்ரே ரூம் எங்கன்னு கேக்க அவ கூட வரட்டும், டாக்டர் ரூமுக்குள்ள வேற ஆள் பேசட்டும்.

யாரைக் கூட்டிட்டுப் போறது? முதல் சாய்ஸ் உங்க வார்டு ஆஷா பணியாளர், அதாவது வீடு வீடா வர்ற சுகாதாரப் பணியாளர். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் இருக்கறவங்க பெரும்பாலும் ரெண்டு மொழியும் பேசுவாங்க, ஆஸ்பத்திரி நடைமுறையும் அத்துப்படி. ஆனா அவங்களும் அதே ஊர்க்காரங்க, விஷயம் குழாயடிக்குப் போயிடுமோங்கற பயம் சித்திக்கு இருந்தா அந்த பயத்துக்கு மதிப்பு குடுங்க, வெளி வார்டு ஆளைக் கேளுங்க. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துல (பொம்பளைங்க சுய உதவிக் குழு) நிதானமா பேசற ஒரு அம்மா கிடைச்சா அதுவும் நல்லது. ஆஸ்பத்திரிக்குள்ளயே தமிழ் தெரிஞ்ச ஸ்டாஃப் நர்ஸ் எப்பவும் ஒருத்தர் ரெண்டு பேர் இருப்பாங்க, ஹெட் நர்ஸ்கிட்ட முந்தின நாளே சொல்லி வெச்சா டியூட்டி பார்த்து வரச் சொல்லுவாங்க, அன்னிக்குக் காலையில போய் நின்னுக்கிட்டு கேட்டா கிடைக்கறது கஷ்டம். அடுத்தது தாலுக்கா லீகல் சர்வீசஸ் கமிட்டி. 15100-ன்னு இலவச நம்பர் இருக்கு, அதுல கூப்பிட்டு பாரா லீகல் வாலண்டியர் வேணும்னு கேளுங்க. 1987 சட்ட சேவைகள் சட்டத்துல பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமயே இலவச சட்ட உதவி உண்டு. ஆஸ்பத்திரிக்கு கூட வர்றது வாலண்டியரோட கட்டாய வேலைன்னு நான் சொல்ல மாட்டேன், அது அந்தந்த ஆளோட மனசு, நேரம். ஸ்டேஷன், கோர்ட் காரியம்னா அதுக்குத்தான் நாங்க இருக்கோம்.

யாரைக் கூட்டிட்டுப் போகக் கூடாதுங்கறதும் அதே அளவுக்கு முக்கியம். தோப்பு முதலாளியோட ஆள், சூப்பர்வைசர், வேலைக்குக் கூட்டிட்டு வந்த மேஸ்திரி, இவங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் வேண்டாம். ரெஸ்ட் எத்தனை வாரம்னு டாக்டர் சொல்றது அவங்களுக்கு நஷ்டம் தர்ற சங்கதி, மோட்டார் காணோம்ங்கற கேஸ்ல அவங்கதான் எதிர்த்தரப்பு. வேலை செய்யற இடத்துல கையில அடிபட்டு வந்த ஆளை மேஸ்திரி 'வீட்டுல விழுந்துட்டான்'னு மலையாளத்துல சொல்லி எழுத வெச்சதை நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன், அந்த ஆள் ஒண்ணும் தெரியாம தலையாட்டிட்டு இருந்தார். அந்த ஒரு வரி சீட்டுல ஏறிட்டா அப்புறம் நஷ்டஈடு கேக்கறதே பெரும்பாடு. அதே மாதிரி வீட்டுல அடிதடின்னு ஒரு பொம்பளை வந்து நிக்கறப்போ புருஷனையோ மாமியாரையோ பேசிக் குடுக்க விடவே கூடாது. அந்த மாதிரி சங்கதிக்கு 181 ஹெல்ப்லைன் இருக்கு.

ஆள் கிடைச்சதும் எப்படிப் பேசறதுங்கறதுலதான் பாதி வெற்றி. பேசிக் குடுக்கறவங்க டாக்டருக்கும் சித்திக்கும் நடுவுல மறைச்சுக்கிட்டு உக்காரக் கூடாது, சித்தி பக்கத்துல கொஞ்சம் பின்னால உக்காந்தா டாக்டர் தானா சித்தி முகத்தைப் பார்த்துப் பேசுவார். சித்தி 'எனக்கு அடிவயித்துல இழுக்குது'ன்னா, 'எனிக்கு'ன்னே சொல்லணும், 'இவங்களுக்கு ஏதோ வயித்து வலியாம்'னு சுருக்கினா இடமும் போச்சு, எப்படிப்பட்ட வலிங்கறதும் போச்சு. டாக்டர் ரெண்டு வாக்கியம் சொன்னதும் கையைக் காட்டி நிறுத்தி, அதைச் சொல்லி முடிச்சுட்டுத்தான் அடுத்ததுக்கு விடணும். நீளமா கேட்டுட்டு மொத்தமா சொல்றேன்னா நடுவுல இருக்கறது கண்டிப்பா காணாமப் போகும். புரியாத வார்த்தை வந்தா 'எனக்கே தெரியல, வேற மாதிரி சொல்லுங்க டாக்டர்'னு கேக்கறதுக்கு வெக்கமே படக் கூடாது, அப்படிக் கேக்கற ஆளைத்தான் நான் நம்புவேன். தேதி, மாத்திரை அளவு, எத்தனை வேளைங்கறது எல்லாம் வாயால மட்டும் போதாது, ஒரு பேப்பர்ல இலக்கத்துல எழுதி டாக்டர்கிட்டயே காட்டிக்கணும். கடைசியா, 'புரிஞ்சுதா'ன்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. 'வீட்டுக்குப் போனதும் சித்தப்பாகிட்ட என்ன சொல்லுவீங்க, சொல்லுங்க'ன்னு சித்தியை அவங்க வாயாலயே திருப்பிச் சொல்ல வைங்க. தப்பு இருந்தா அங்கேயே தெரிஞ்சுடும்.

சம்மதப் பத்திரத்துல கையெழுத்துக்கு முன்னாடி இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் வந்திருக்கணும்: எடுக்கப் போறது கட்டியை மட்டுமா, கர்ப்பப்பையையா, கூடவே சினைப்பையையுமா? சினைப்பை ரெண்டையும் எடுத்தா மாதவிடாய் நிக்கற வயசுக்கு உண்டான உடல் மாத்தம் எல்லாம் உடனே ஆரம்பிச்சுடும், அதை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு சரின்னு சொல்றது வேற, அப்புறம் தெரிஞ்சு திகைக்கறது வேற. மாத்திரையாலயோ, கட்டியை மட்டும் எடுத்தோ சரி பண்ண வழி இருக்கா, பண்ணலன்னா என்ன ஆகும், ரத்தம் ஏத்த வேண்டி வருமா, எத்தனை வாரம் கனம் தூக்கக் கூடாது? பத்திரத்துல காலியா விட்ட இடம் எதுவும் இருக்கக் கூடாது, ஆபரேஷன் பேர் எழுதின வரியை வாசிச்சுக் காட்டச் சொல்லணும். பேசிக் குடுத்தவங்க 'தமிழ்ல விளக்கிச் சொன்னேன்'னு கீழ ஒரு வரி எழுதி, பேர் போட்டு கையெழுத்துப் போடறது நல்ல பழக்கம். அது கட்டாயம்னு எங்கயும் இல்ல, ஆனா நான் எப்பவும் கேட்டு வாங்கிடுவேன்.

இனி சித்தப்பா சங்கதி. இங்க சட்டம் ஆஸ்பத்திரியைவிடத் தெளிவா இருக்கு. 2024 ஜூலை 1-ல இருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துடுச்சு. அதோட 173-வது பிரிவுப்படி, புகாரை வாயால சொன்னா எழுதி எடுத்துக்கிட்டு, புகார் குடுத்தவருக்கே வாசிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கி, காப்பியை இலவசமா குடுக்கணும். புரியாத மொழியில வாசிச்சுக் காட்டினா அது வாசிச்சுக் காட்டினதே இல்லங்கறது என் கருத்து, 'தமிழ்ல சொல்லுங்க சார்'னு கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா சித்தப்பா புகார் குடுக்கல, விசாரணைக்குப் போனவர். விசாரணையில போலீஸ் எழுதற வாக்குமூலத்துல, குடுத்தவரோட கையெழுத்து வாங்கக் கூடாதுன்னு 181-வது பிரிவு சொல்லுது. அப்போ அவர் போட்டது என்ன பேப்பர்? கூப்பிட்டா வர்றேன்னு எழுதினதா இருக்கலாம், நோட்டீஸ் வாங்கினதுக்கா இருக்கலாம், வேற ஏதாவதாவும் இருக்கலாம், இங்க இருந்து நான் ஊகிக்கறது தப்பு. சட்ட உதவி வக்கீலைக் கூட்டிட்டுப் போய் காப்பி கேளுங்க. இனிமே எதுல கையெழுத்துப் போட்டாலும் 'தமிழில் வாசித்துக் காட்டவில்லை'ன்னு அவர் கையாலயே தமிழ்ல எழுதிட்டுப் போடட்டும். சித்தியையும் விசாரிக்கணும்னு சொன்னா, சாட்சியா ஒரு பொம்பளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேக்கணும், அது 179-வது பிரிவு.

கேஸ் கோர்ட் வரைக்கும் போனா, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில சாட்சியம் நடந்தா அவருக்குப் புரியற மொழியில சொல்லணும்னு 314-வது பிரிவு இருக்கு. தடுப்புக் காவல் விஷயத்துல சுப்ரீம் கோர்ட் 1962-லயே ஹரிகிஷன் வழக்குல, ஹிந்தி மட்டும் தெரிஞ்சவருக்கு இங்கிலீஷ்ல காரணத்தைக் குடுத்துட்டு வாயால மொழிபெயர்த்துச் சொன்னது போதாதுன்னு காவலையே செல்லாதுன்னு ஆக்கிடுச்சு. சட்டம் ஆளையே ஏற்பாடு பண்ணித் தர்ற இடம்னா போக்சோ கேஸ்தான். குழந்தையோட வாக்குமூலத்துக்கு மொழிபெயர்ப்பாளரை வைக்கலாம், அவங்களுக்கு ஃபீஸ் உண்டு, ஒவ்வொரு ஜில்லாவுலயும் குழந்தைகள் பாதுகாப்பு யூனிட் அவங்க பேர் விலாசத்தோட ரெஜிஸ்டர் வெச்சிருக்கணும். அந்த ஆளுக்கு டிகிரி கேக்கல, அந்த மொழி தாய்மொழியா இருந்தாலோ, ஆரம்பப் பள்ளி வரைக்குமாவது அந்த மொழி மீடியத்துல படிச்சிருந்தாலோ, அது புழங்கற ஊர்ல இருந்து பழகியிருந்தாலோ போதும்னு விதியில இருக்கு. அந்த மாதிரி ஒரு ரெஜிஸ்டரை ஆஸ்பத்திரிக்கும் வைக்கறதுக்கு என்ன தடைன்னு எனக்கு விளங்கவே இல்ல, எல்லைப் பஞ்சாயத்துகள்ல ரெண்டு மொழியும் தெரிஞ்சு வேலை இல்லாம இருக்கற பிள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க.

ஆப் பத்திக் கேட்டீங்க. பஸ் எங்க நிக்கும், இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, இந்த போர்டுல என்ன எழுதியிருக்கு, இதுக்கெல்லாம் தாராளமா யூஸ் பண்ணுங்க. மலையாள சீட்டை போட்டோ எடுத்து தமிழாக்கறது இப்போ ஓரளவு நல்லாவே வருது. சம்மதப் பத்திரம், வாக்குமூலம், டிஸ்சார்ஜ் பேப்பர் இதுக்கு மட்டும் அதை நம்பாதீங்க. நம்ம ஊர்ப் பேச்சை ஆப் தப்பாக் கேக்கும், 'இல்ல'ங்கற ஒரு சொல்லை முழுங்கிட்டா அர்த்தம் தலைகீழ், அதை நீங்க கண்டுபிடிக்கவும் வழி இல்ல. அதைவிட போன் ஸ்பீக்கர்ல ஒரு மனுஷனை வைக்கறது எவ்வளவோ மேல். நேர்ல வர முடியாத நம்பிக்கையான ஆள் ஒருத்தர்கிட்ட முன்கூட்டியே நேரம் பேசி வெச்சுக்கிட்டு, டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க, பத்து நிமிஷ வேலை. எழுத்துல மொழிபெயர்ப்பு வேணும்னா, 1952 நோட்டரி சட்டப்படி ஆவணத்தை மொழிபெயர்க்கவும் அதைச் சரிபார்த்துச் சான்று குடுக்கவும் நோட்டரிக்கு அதிகாரம் உண்டு. இதுக்கு மட்டும் காசு ஆகும், எல்லாப் பேப்பருக்கும் தேவைப்படாது, கேக்கற ஆபீஸ்ல கேட்டுட்டு செலவு பண்ணுங்க.

இன்னொரு வழியையும் சொல்லிடறேன். இது அவசர ஆபரேஷன் இல்ல, தேதி குடுத்துப் பண்றதுதான்னு டாக்டர் சொன்னா, ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு பொள்ளாச்சியிலயோ கோயமுத்தூர்லயோ அரசு ஆஸ்பத்திரியில தமிழ்ல ஒரு தடவை கேட்டுட்டு வாங்க. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கற நாங்க பாதிப் பேர் அதைத்தான் பண்றோம். சித்தி குடும்பத்துக்கு தமிழ்நாட்டு ரேஷன் கார்டு இன்னும் இருக்கா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னும் பார்த்துக்குங்க. அங்கேயே ஆபரேஷன் பண்ணிக்கறதா, இங்கேயே பண்ணிக்கறதாங்கறது அப்புறம் யார் கூட இருந்து பார்த்துப்பாங்கங்கறதைப் பொறுத்தது. இங்க சமையலுக்கும் சின்ன வேலைக்கும் ஆள் இருந்து, அங்க யாரும் இல்லன்னா, மொழிக்காக மட்டும் அலைய வேண்டாம்.

எங்க பண்ணினாலும் ஒண்ணு மறக்காதீங்க. எடுத்த கர்ப்பப்பையையோ கட்டியையோ பரிசோதனைக்கு அனுப்புவாங்க, அந்த ரிப்போர்ட் டிஸ்சார்ஜ் ஆகி சில நாள் கழிச்சுத்தான் வரும். டிஸ்சார்ஜ் அன்னிக்கு அவசர அவசரமா மலையாளத்துல இதைச் சொல்லி அனுப்பிடுவாங்க, நம்ம ஆளுங்க தையல் பிரிக்கப் போறதோட முடிஞ்சுதுன்னு நினைச்சு அந்த ரிப்போர்ட்டை வாங்காமயே விட்டுடறாங்க, அதுல ஏதாவது இருந்தா மாசக் கணக்குல தெரியாமயே போயிடும். அதனால ரிப்போர்ட் எந்தக் கவுண்டர்ல, எந்தத் தேதியில, எந்தச் சீட்டைக் காட்டி வாங்கணும்னு எழுதி வாங்கிக்குங்க, அதை டாக்டர்கிட்ட காட்டப் போற நாளுக்கும் பேசிக் குடுக்க ஆள் வேணும், ஆபரேஷனுக்கு வர்ற அதே ஆளை அன்னிக்கும் வரச் சொல்லி இப்பவே பேசி வெச்சுடுங்க.